மூட்டையின் அடியில்

“உங்க கையில எத்தன பேரு செத்திருக்காக டாக்டர்?”

ஊசி கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி முறைத்தாள். மதுரையிலிருந்து சனிக்கிழமைதோறும் தேனிக்கு வந்து போகிற பெரிய சர்ஜனைப் பார்த்து இப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா?

ஞானசிகாமணி கேட்பார். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். மூட்டையைப் பிரித்தால், மேலே பச்சைப்பசேலென்று கிடக்கிற காயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தோள்வரைக்கும் கையை விட்டு, அடியில் கிடப்பதைத்தான் அள்ளிப் பார்ப்பார். சொத்தை எல்லாம் அங்கேதானே பதுங்கும்!

பக்கத்தில், நாற்காலி கொள்ளாத உடம்போடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் மகள் ஞானசெல்வி. வயசு முப்பதை நெருங்குகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று போனவர்கள்தான்.

குடலைக் குறைத்துத் தைத்தால் உடம்பு வற்றிவிடும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவருக்கு அலைச்சல். “இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, நான் பாத்துக்கறேன்” என்றார் ஒரு டாக்டர். பெயருக்குப் பின்னால் தொங்கிய பட்டத்தைத் தோண்டினால், தபாலில் வாங்கியது. இன்னொருவர் தேனாகப் பேசினார். அவர் கத்தி பட்ட ஆள் ஒருவரை ஜெயமங்கலம் வரை தேடிப் போய்ப் பார்த்தார் ஞானசிகாமணி. சாதாரணக் குடலிறக்கம், வருஷமாகியும் புண் ஆறவில்லை. பெற்ற மகளை அப்படி யார் கையிலும் ஒப்படைத்துவிட முடியுமா?

சர்ஜன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெளிநாட்டுல இந்த ஆபரேஷனைக் கத்துக்கிட்டு வந்தேன். இங்க ஆறு பேருக்குச் செஞ்சேன். ரெண்டு பேர் செத்துட்டாங்க.”

ஞானசிகாமணியின் முகம் மலர்ந்துவிட்டது.

“இவுகதான் ஆத்தா! மறைக்காமச் சொன்னாக பாத்தியா? இவுகள நம்பி உன்னைய ஒப்படைக்கலாம்.”

“அவசரப்படாதீங்க. பிழைச்சவங்களுக்கும் ஆயுசுக்கும் வயித்துப்போக்குதான். உங்க மகளுக்குச் சர்க்கரை இல்ல, ரத்தக்கொதிப்பு இல்ல. நல்லா இருக்கற பொண்ணை எதுக்கு அறுக்கச் சொல்றீங்க?”

“கல்யாணம் டாக்டர். சின்னமனூர்ல பெரிய எடம். மேகமலையில ஏலத்தோட்டம் வச்சிருக்காக. மாப்பிள்ளையே சொல்லிட்டாக, உடம்ப மட்டும் கொறச்சிட்டு வாங்க, அடுத்த மாசமே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்னு. ரெண்டாந்தாரந்தான்... இருந்தா என்ன?”

“முதல் சம்சாரம்?”

“தவறிட்டாக.”

“எப்படி?”

ஞானசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதை மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் இந்தச் சம்பந்தமும் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியுமா?

“கேக்கலீங்க. நல்ல காரியம் பேசுற எடத்துல சாவப் பத்திக் கேட்டா நல்லாருக்காதேன்னு...”

சர்ஜன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதுவரை வாயே திறக்காத ஞானசெல்வி தலையை நிமிர்த்தினாள்.

“அந்தத் தோட்டத்துக் காயக் கொண்டுவந்த பொம்பளகிட்ட நான் கேட்டேம்ப்பா. அந்த அக்கா வீட்டுக் கெணத்துல செத்துக் கெடந்தாகளாம்.”

“ஆத்தா... எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்களே கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அந்த அக்கா அவுகளுக்கு ரெண்டாவது சம்சாரமாம்ப்பா. மொத சம்சாரமும் அதே கெணறுதான்.”

ஞானசெல்வி சர்ஜன் பக்கம் கையைக் காட்டினாள்.

“டாக்டரு கையில ரெண்டு பேரு, மாப்பிள்ள கையிலயும் ரெண்டு பேரு. இவுக சொல்லிட்டாக. அவுககிட்ட நீங்க கேக்கவே இல்லையேப்பா.”