பழைய கன்டென்சர்

உத்தமபாளையத்தில் ரேடியோக்கடை வைத்திருக்கும் பிச்சைமணி, இன்னாசியின் வால்வு ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் போக கன்டென்சர்களை மாற்றிக் கொடுத்தார். மறுநாளே இன்னாசி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இரைச்சல் போகலையாண்ணே?"

"சுத்தமாப் போயிருச்சுப்பா. பழைய கன்டென்சரையே திருப்பிப் போட்டுரு."

பிச்சைமணிக்குச் சுருக்கென்றது. "நீங்க பாடுன கேசட்டு தெளிவாக் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீக?"

"சொன்னேன். என் வீட்டுக்காரி லூர்து செத்த அன்னிக்கு, கதவைச் சாத்திக்கிட்டுப் பாடி ரெக்கார்டு பண்ணது. அடுத்த ரூம்ல தூக்கத்துலயே, சத்தமில்லாமப் போயிட்டான்னுதான் இத்தனை வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"மதினிக்கு நல்ல சாவுண்ணே."

இன்னாசி ஆம்ப்ளிஃபயரை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"பாட்டுக்குப் பின்னால 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காப்பா."