நாலு வருஷத்து விலை

திருப்போரூர் செருப்புக் கம்பெனியில் பழைய பிரிண்டர் அன்று காலையோடு உயிரை விட்டது. புதிதாக எதை வாங்குவது என்பதில் மேனேஜர் தாமோதரனுக்கும் கிளார்க் விஜயகுமாரிக்கும் இழுபறி.

“ஏழாயிரத்துக்கு ஒண்ணு இருக்கே, அதையே வாங்கும்மா.”

“இன்னா சார் நீங்க! வெலை கம்மிதான். ஆனா மாசம் ரெண்டு தபா இங்க் மாத்தணும். நாலு வருஷத்துல இங்க்குக்கே லட்ச ரூபா பூடும். இருபத்தஞ்சாயிரத்து மெஷின்னா, எல்லாம் சேர்த்து அதுல பாதிகூட ஆவாது.”

மதியச் சாப்பாட்டையும் மறந்து போட்ட கணக்கு. தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

“சின்னதே போதும். சாயந்திரத்துக்குள்ள வந்தாகணும்.”

விஜயகுமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனிப் பணம் என்றால் இவ்வளவு அலட்சியமா?

“அவசரம்னா கடையில அடிச்சிகினு வர்றேன் சார். மெஷினை நிதானமா வாங்கலாம். எத்தினி பக்கம்?”

“கடையில வேணாம், ஊருக்கே தெரிஞ்சிடும்.” தாமோதரன் கதவைச் சாத்தினார். “நூத்திப் பதினெட்டுப் பக்கம். ஆளுக்கு ஒண்ணு.”

கம்பெனியில் வேலை செய்பவர்கள் மொத்தமே நூற்றுப் பதினெட்டுப் பேர்தான்.

“மூடறாங்களா சார்?” அவள் கணக்குத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“இந்த மாசத்தோட.” அவர் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல் லெட்டரை என் பேருக்கு அடிச்சிடும்மா. அதைக் கையில வெச்சுக்கிட்டாதான் மத்தவங்க முகத்தை என்னால பார்க்க முடியும்.”