வலது பக்க மாப்பிள்ளை

நிரஞ்சனா மறுபடியும் முகத்தை முழுசாகத் திருப்பி அவனைப் பார்த்தாள். போச்சுடா, கண்டுபிடித்துவிட்டாள் என்று இளமாறன் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிராங்கூன் சாலையோரத் தேநீர்க் கடைக்கு அவளுக்கு முன்பே வந்து, வெளியே கிடந்த நீளப் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்தான். இடது கன்னத்தைத் தூணுக்குக் கொடுத்துவிட்டு, வலது கன்னத்தை மட்டும் பெண்ணுக்கு ஒதுக்கி வைத்திருந்த மகாராசன். இன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார்கள்; இரண்டு மாதக் கல்யாணப் பேச்சில் அவன் அனுப்பிய படங்களிலும் அதே வலது பக்கம்தான். வீடியோ காலில் பேசலாமா என்று அவள் கேட்ட போதெல்லாம் அவன் வீட்டு வைஃபைக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

இடது கன்னம் லட்டை அடக்கி வைத்திருப்பது போல உப்பியிருக்கும். ரயிலில் சாப்பிடக் கூடாது தம்பி என்று ஒரு பெரியவர் கண்டித்துக்கூட இருக்கிறார். நம் மகாராசன் வாதாடவில்லை; விழுங்குவது போல நடித்துவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

நிரஞ்சனாவை அவனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஈசூன் வட்டாரத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. அவனுடைய மொக்கை ஜோக்குகளுக்குச் சிரித்த ஒரே ஜீவன். இவளும் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தான்.

"நாம இடம் மாறி உக்காரலாமா?" என்று அவள் கேட்டாள்.

"வேணாம், இங்க உங்களுக்கு வெயில் அடிக்கும்" என்றான். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

அவள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பூக்கடைப் பாட்டு ஒரு பக்கம், பேருந்து இரைச்சல் ஒரு பக்கம். அவன் வாயைத் திறந்தாலே அவள் திரும்பிப் பார்க்க, அவன் தூணோடு ஒட்ட, இன்னும் கொஞ்சம் போனால் தூணுக்கே தாலி கட்ட வேண்டியதுதான்.

இனி மறைத்துப் பிரயோசனமில்லை.

"கொஞ்ச நேரம் என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டே கேளுங்க, அப்பத்தான் எனக்குச் சொல்ல வரும்."

"பாக்காம எப்படி..." என்று அவள் இழுத்தாள்.

"ப்ளீஸ் லா."

அவள் அரைமனதாக ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் கொட்டினான். பல்வலி என்று போனவனுக்கு எக்ஸ்ரே எடுத்த பல் மருத்துவர், மேல்தாடை எலும்பு தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கிறதே என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்து, எலும்பில் துணுக்கு வெட்டிச் சோதித்து, ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்று பெயர் சொன்னார்கள்.

நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார் வளர்ந்திருக்கிறது, புற்றுநோய் இல்லை என்று தெரிந்த அன்று கழிப்பறைக்குள் போய் அழுததையும் சொன்னான். டிசம்பரில் வாய்க்குள் வழியாகவே எலும்பைச் செதுக்கப் போகிறார்கள், மறுபடி கொஞ்சம் வளர்ந்தாலும் வளரலாம், பிள்ளைகளுக்கு வராது. அதற்குள் பிள்ளைகள் வரை போய்விட்டோமே என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"இந்த மூஞ்சியோட என்னைக் கட்டிக்குவீங்களா?" என்று முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பக்கூட மனசில்லை போலிருக்கிறது. சரி, நம் லட்சணத்துக்கு இவ்வளவுதான் என்று எழுந்தான்.

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவன் பக்கமிருந்த காதைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு இந்தக் காது பொறந்ததுலேருந்தே கேக்காது. மறுபக்கம் வந்து உக்காந்து, மொதல்லேருந்து சொல்லுங்க."