எட்டாவதோடு சரி

சவப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று நகரத்தில் கழற்றிய இருக்கைகளை விமானி மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறான். பெட்டியில் வந்தவன் சைலஸ். நகரத்துக்குப் படிக்கப் போய் ஆற்றில் பிணமாய் மிதந்தவன். அவனை எதிர்கொள்ள வந்த ஊர் வண்டிகள் பனியில் வரிசையாய் நிற்கின்றன. பகலில் எரியும் அவற்றின் விளக்குகள் சோகை பிடித்தாற்போல் மஞ்சளாய்த் தெரிகின்றன. திரும்பிப் போகும் இதே விமானத்தில்தான் டபிதாவின் மகள் ஜெமைமா படிக்கப் போகிறாள். வெளியே போகச் சாலையே இல்லாத, கனடாவின் வடக்கிலுள்ள இந்தக் கிரீ பழங்குடி ஊரில் பள்ளி எட்டாவதோடு சரி. "ஆத்துப் பக்கம் மட்டும் போயிடாதடி," என்றபடி டபிதா காட்டுமான் கறி வற்றலை மகளின் பையில் திணிக்கிறாள். "எத்தனை தடவம்மா சொல்லுவ? அங்க மீன் பிடிக்கவா போறேன்?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைலஸின் தாய் வருகிறாள். மகனுக்கென்று மணி கோத்துத் தைத்த தோல் கையுறைகள், அவன் பையோடு திரும்பி வந்தவை, அவள் கையில் இருக்கின்றன. "போட்டுக்கோ கண்ணு. அங்க காத்து ஆளையே தின்னுடும்." நீட்டியதை மறுக்கும் வழக்கம் இங்கே இல்லை. தடுக்கப் போன டபிதா கையை இறக்கி, மகளின் பையை இழுத்து மூடுகிறாள். விமானத்தின் கதவு சாத்தப்படுகிறது. சின்னச் சன்னலுக்குப் பின்னால் மணி கோத்த கையுறை ஒன்று அசைகிறது. இரண்டு தாய்மாரும் கையசைக்கிறார்கள்.