ஊசி போடாத வரிசை

"அந்த ரெண்டாவது வரிசை எலிங்களுக்கு நான் ஊசியே போடலம்மா."

கூண்டு துடைக்கிற துணியைக் கையில் கசக்கிக்கொண்டே ஆய்வுக்கூட ஊழியர் சொன்னதும், ஆராய்ச்சி மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே சொல்றீங்க? எந்த ஊசி?"

"இரும்பு ஊசிதான்."

மூன்று வருஷ உழைப்பு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கு உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து, இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடும். அதே நிலைமையை எலிகளுக்கு வரவழைக்கத்தான் வாரா வாரம் அந்த ஊசி. முதல் வரிசைக்கு ஊசி மட்டும். இரண்டாவது வரிசைக்கு ஊசியோடு, இரும்பை வெளியேற்றும் புது மருந்தும்.

முதல் வரிசை எலிகளின் கல்லீரல் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தது. இதயத்திலும் இரும்பு. இரண்டாவது வரிசையில் மருந்துக்குக்கூட இல்லை!

போன மாதம் முடிவு வந்தபோது எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்தாயிற்று.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"தினமும் மருந்து புகட்டுறப்பவே அதுங்க துடிக்கும். ஊசியும் சேர்த்துக் குத்த மனசு வரலம்மா. இதுல என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

"உங்க இரக்கத்துல இடி விழ! அந்த மருந்து வேலை செய்யுதான்னே இப்ப யாருக்கும் தெரியாது. குழந்தைங்க உயிரோட விளையாடியிருக்கீங்க!"

"இன்னைக்கு அந்தக் குழந்தைங்க பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் பத்து வயசுக்குள்ள. சாப்பாடே இறங்கலம்மா."

"இத்தனை நாள் வாய் எங்க போச்சு?"

"இல்லம்மா, நான் அப்பவே..."

"போதும், பேசாதீங்க!"

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். பேராசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நின்ற நிலையிலேயே கொட்டித் தீர்த்தாள்.

"எல்லாத்தையும் உடனே நிறுத்தணும் சார்! அந்த மனுஷனை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும். ஒரு மாசமா வாயைத் திறக்காம இருந்திருக்காரு, சார்!"

பேராசிரியர் அதிர்ந்ததாகவே தெரியவில்லை. நிதானமாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உன்கிட்டயும் வந்து உளறிட்டானா? முடிவு வந்த அன்னைக்கே என் காலைப் பிடிச்சு அழுதான். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் மிரட்டி வெச்சிருந்தேன்."