இரண்டு டிக்கெட்

“இங்க இல்லாத யூனிவர்சிட்டியா மஸ்கட்டுல இருக்கு? ஊரே எண்ணெய் தோண்டப் போற இடத்துக்கு இவ பாடம் நடத்தப் போறாளாம்!”

சிங்கப்பூர் பிடோக் வீட்டுக் கூடம் லாசரஸின் குரலில் அதிர்ந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. யாரையும் லேசில் நம்ப மாட்டார், பெற்ற மகளையும்தான்.

“சம்பளத்துக்கு வரி இல்லப்பா. ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும். வீடும் அவங்களே தர்றாங்க,” என்றாள் விரிவுரையாளரான மகள் ஆட்ரி.

“அளக்காதே. அதெல்லாம் ஊருக்குச் சொல்ற காரணம்.”

அவர் மனைவி அந்தோனியம்மாள் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். “இன்னைக்குக் கிளம்புற பிள்ளைய ஏங்க…”

“நீ சும்மா கிட! உனக்கு என்ன தெரியும்? கோப்பிக்குச் சீனி போட்டியா, அதாவது தெரியுமா?”

அவள் சீனி டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

லாசரஸ் வேலைக் கடிதத்தை உதறிப் பிடித்தார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எண்கள் மட்டும் அவரிடம் தப்பாது.

“டிக்கெட் ரெண்டு. ரூம் ரெண்டு. ஒத்த ஆளுக்கு எதுக்குடி?”

ஆட்ரி நிமிர்ந்தாள். “கூட ஒருத்தங்க வர்றாங்கப்பா. அவங்களுக்காகத்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கிட்டேன்.”

அவர் கடிதத்தை மேசையில் அறைந்தார். அவருக்கு இருப்பது ஒரே மகள். “எவன் அவன்? நம்ம வேதமா?”

“நம்ம கோயில் பங்குதான். ஒரு பூசை தவறமாட்டாங்க.”

“எனக்குத் தெரிஞ்சவனா?”

“தெரியும்னுதான் நீங்க நெனச்சிட்டிருக்கீங்க.”

“என் பிள்ளையக் கூட்டிட்டு ஓடுறவன் திருடன் மாதிரி ஒளிஞ்சிருப்பானா? தைரியம் இருந்தா என் முன்னால வந்து நிக்கச் சொல்லு, லா!”

அறைக்குள் சக்கரம் உருண்டது. மகளின் புத்தகங்களுக்கென்று தேக்கா கடைத்தெருவிலிருந்து லாசரஸே வாங்கிவந்த பெட்டி முதலில் வெளியே வந்தது. அதை இழுத்தபடி, காலில் புதுச் சப்பாத்தோடு, அந்தோனியம்மாள் வந்து நின்றாள்.

“முப்பத்தஞ்சு வருஷமா உங்க முன்னாலதாங்க நிக்கிறேன். சீனி டப்பா மேசையிலயே இருக்கு. இனிமே நீங்களே போட்டுக்குங்க.”