வடக்குச் சுவரில் ஒரு பெட்டி

பிப்ரவரி மாதம். ஓட்மார் தன் வீட்டு முன்னறையில் நீச்சல் உடையோடு, இரண்டு கால்களையும் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, இது வீடா, ரொட்டி சுடற அடுப்பா? தரையில கால் வைக்க முடியல. நாய் சோபாவை விட்டு இறங்கி மூணு நாளாச்சு!"

தரைக்கடியில் குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பொருத்திய கெபார்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் சன்னலைத் திறந்து வைக்கலாமே?"

"காலையில பத்து நிமிஷம் திறந்தாச்சு. இனிமே சாயங்காலம்தான். காசு குடுத்துச் சுடவச்ச காத்தை ஊருக்கு விட, நான் என்ன தர்ம சத்திரமா நடத்தறேன்?"

ஜெர்மனியிலேயே சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள் ஸ்வாபியர்கள். அந்த ஸ்வாபியர்களே எழுந்து நின்று கும்பிடுகிற ஆள் ஓட்மார். புகையோடு போகிற சூட்டைக்கூடப் பிழிந்தெடுத்துக்கொண்டு, சொட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் பாய்லர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தெருவிலிருந்த பன்னிரண்டு வீடுகளில் முதல் ஆளாக வாங்கிப் போட்டார்.

மற்ற பதினோரு வீட்டு வேலையும் யாருக்கு என்று அன்று மாலை ஆறு மணிக்குத் தெருக்காரர்கள் கூட்டத்தில் முடிவாக வேண்டும். கூட்டத்துக்குத் தலைவர் ஓட்மார்.

"ஆறு மணிக்குள்ள இந்தத் தரை ஆறணும். இல்லேன்னா இதே கோலத்துல கூட்டத்துக்கு வந்து நிப்பேன். பதினோரு வீடும் பக்கத்து ஊர்க்காரனுக்குப் போயிடும், பார்த்துக்குங்க."

கெபார்ட் அவசர அவசரமாகக் கருவிப் பையைத் திறந்தார். அந்தப் பதினோரு வீட்டை நம்பித்தான் இரண்டு ஆட்களை வேலைக்கு எடுத்திருந்தார்.

"பாய்லர்ல சூட்டைக் கூட்டற குமிழை யாராவது திருகினாங்களா?"

"எப்படித் திருகுவாங்க?" ஓட்மார் தன் வெற்று மார்பில் தொங்கிய சாவியைத் தட்டிக்காட்டினார். "பாய்லர் இருக்கற நிலவறைச் சாவி என் கழுத்துல இருக்கு. நானே தொடறதில்ல. தொட்டா வாரண்டி போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மனைவி ரோஸ்வித்தா கையில்லாத பூப்போட்ட சட்டையில், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய பாய்லர் இருந்த காலத்தில் பதினேழு டிகிரிக்கு மேல் ஓட்மார் ஒரு நாளும் விட்டதில்லை. ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் மாவு பிசைவாள்.

கெபார்ட் நிலவறைக்கு இறங்கினார். ஓட்மார் வாளியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். குளிக்கிற தண்ணீர் சரியான சூட்டில் இருந்தது. பம்பு சரி, வால்வு சரி. தரைக்குப் போகும் குழாயைத் தொட்டால் மட்டும் கை பொசுங்கியது. கெபார்ட் பாய்லரின் சின்னத் திரையைப் பார்த்தார். வெளியே: மைனஸ் ஒன்பது.

"மாட்டிக்கிச்சு!" கெபார்ட் துள்ளினார். "வடக்குச் சுவர்ல ரெண்டு ஆள் உயரத்துல ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினேனே, அதுதான் பாய்லருக்குக் கண்ணு. வெளியே குளிரக் குளிர, தரைக்கு அனுப்பற தண்ணியோட சூட்டை இது ஏத்தும். இன்னிக்கு வெளியே ப்ளஸ் எட்டு. பெட்டி பொய் சொல்லுது. இப்பவே போய்ப் பார்க்கறேன்."

"முதல்ல சாப்பாடு!" படியின் மேலிருந்து ரோஸ்வித்தாவின் குரல். "உட்காருங்க மேஸ்திரி, சூப் ஆறிடும். ரொட்டியை எடுத்துட்டு இதோ வந்துடறேன்."

ரொட்டி வர ஐந்து நிமிடம் ஆனது.

ஓட்மார் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மறுபடியும் பட்டாணி சூப்பா? இந்த வாரத்துல அஞ்சாவது தடவை!"

"உறைஞ்ச பட்டாணி இளகிட்டா திரும்ப உறைய வைக்கக் கூடாது ஓட்மார். குப்பையில கொட்டிடவா?"

"கொட்டறதாவது!" ஓட்மார் பதறிப்போய்க் கரண்டியை எடுத்தார்.

சாப்பிட்ட கையோடு கெபார்ட் வடக்குப் பக்கம் ஓடினார். நல்ல வேளை, ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. ஏறிப் பார்த்தால் பெட்டியில் ஒரு குறையும் இல்லை, மேலே லேசான ஈரம் மட்டும். துடைத்துவிட்டு இறங்கிப் போய்த் திரையைப் பார்த்தார். ப்ளஸ் எட்டு!

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறவன் கடையை மூட வேண்டியதுதான்.

"ஈரம் புகுந்திருக்கு. துடைச்சுட்டேன்," என்றார் கம்பீரமாக.

மூன்று மணிக்கு ஓட்மார் வாளியை விட்டு எழுந்தார். நான்கு மணிக்குக் கால்சட்டை போட்டார். ஐந்தரைக்கு நாய் ஒரு காலைத் தரையில் வைத்துப் பார்த்து, மற்ற மூன்றையும் வைத்தது.

"பரவாயில்ல மேஸ்திரி, கைராசிக்காரர்தான்! கூட்டத்துல உங்க பேரைச் சொல்லிடறேன்." ஓட்மார் சட்டை மாற்ற மாடிக்குப் போனார்.

கெபார்ட் ஸ்பேனர்களைப் பைக்குள் அடுக்கினார். அதற்குள் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்த ரோஸ்வித்தா, நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து, மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் சொல்றது கிடக்கட்டும். பதினோரு வீட்டுப் பொம்பளைங்களும் உங்களுக்குத்தான் கை தூக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். ஒரே ஒரு நிபந்தனை."

தள்ளுபடிதான் கேட்கப்போகிறாள் என்று கெபார்ட் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்கம்மா."

"எல்லா வீட்டுலயும் அந்த வெள்ளைப் பெட்டியைக் கைக்கு எட்டற உயரத்துல மாட்டுங்க. உறைஞ்ச பட்டாணிப் பையோட தினமும் ஏணி ஏறி, என் முழங்காலே போச்சு!"